கல்லறைக் கமிட்டிக்கு ஏகநாதன் கட்டிய மூட்டை

கல்லறைக் கமிட்டி ஏகநாதனுக்குத் தர வேண்டியிருந்தது முப்பதாயிரத்து எழுநூற்று எட்டு ரூபாய். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒன்பது ரூபாய். பெருக்கிப் பார்க்கக் கால்குலேட்டர் வேண்டும் என்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஏகநாதனுக்கு அது தேவைப்பட்டதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கிய மனிதர் அவர். மனக்கணக்கில் அவரை மிஞ்ச மேற்குத் தாம்பரத்தில் ஆள் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் இந்நேரம் கனடாவுக்குப் போயிருப்பான்.

அவருடைய அப்பா காலத்தில் நாலு ஏக்கர் இருந்தது. இன்றைக்கு அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடம். சித்தப்பாக்கள் விற்றுத் தின்றது போக ஏகநாதன் பங்குக்கு வந்தது ஒரே ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. வாசலில் அழகுக்கு வைக்கிறேன் என்று கேட்ட ஓட்டல்காரரிடம் சக்கரத்தைத் தள்ளிவிட்டார். அந்தக் காசில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உயிர் போன ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கி, பதினோரு நாள் பிரித்துப் பிரித்து மாட்டினார். மாட்டி முடித்தபோது நாலு திருகாணி மிச்சமிருந்தது. மெஷின் ஓடியது. அந்த நாலு திருகாணியும் தேவையே இல்லாமல் கம்பெனிக்காரன் போட்டது என்பது இன்றுவரை அவர் கருத்து.

அப்படித்தான் ‘ஜெயக்கொடி ஜெராக்ஸ்’ வந்தது. ஜெயக்கொடி அவர் மனைவி. கல்லாவில் அந்த அம்மாள்; மெஷின் பக்கம் இவர். அப்புறம் ஸ்கேனர், லேமினேஷன், கம்ப்யூட்டர் என்று கடை வயிறு பெருத்தது. கடைசியாக வாங்கிய லேப்டாப்பும் அதே சந்தைச் சரக்குதான். ஏதோ கம்பெனி கழித்துப் போட்டது; உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் டப்பாவாக வந்தது. விண்டோஸ் போட வேண்டுமென்றால் காசு. லினக்ஸ் போட்டால் காசு இல்லை என்று கடைக்காரர் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். இலவசமாக வருவதில் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் இல்லை ஏகநாதன். இரண்டு ஆதார் ஜெராக்ஸுக்கு நடுவே அவரே அதை ஏற்றினார். திரையில் இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வி வந்தது. பெயர் கேட்ட இடத்தில் ராசிக்காக ஜெயக்கொடி என்று போட்டார். மற்றதற்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ என்ற ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. இன்ஜினியரிங் படித்தவன் அரை நாள் எடுத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் கேட்டிருப்பான்.

அவருக்கும் ஒரு சறுக்கல் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை; சறுக்கினதில்தான் வித்தையே வந்தது. ஒரு குடும்பத்தின் அறுபதாம் கல்யாணத்துக்காக அறுநூறு பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தார். ‘பெரிய மாமா முறைக்கிறார்’, ‘சின்ன அத்தை கோபம்’ என்று அழகான பெயர்கள். எல்லாவற்றையும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘ஜிப்’ என்கிற ஒரே மூட்டையாகக் கட்டி, ஆல்பம் செய்யும் பிரணவிடம் கொடுத்தார். பிரணவ் வைத்திருந்தது மேக் என்கிற வேறு வகைக் கம்ப்யூட்டர். அதில் பிரித்தால் பெயரெல்லாம் கட்டமும் கொக்கியுமாகக் கோணிக்கொண்டது. பிரணவ் குத்துமதிப்பாகப் பெயர் போட்டு ஆல்பத்தை முடித்தான். விழா மேடையில் முழுசாக உட்கார்ந்திருந்த பெரிய மாமாவின் படத்துக்குக் கீழே ‘அமரர்’ என்று அச்சாகியிருந்தது. மாமா முறைத்தார். ஏகநாதன் காசைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று வாரம் கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து, ஒரு விஷயத்தைப் பிடித்தார். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு ஃபைலை அனுப்புவது பொண்ணைக் கட்டிக் கொடுப்பது மாதிரி. போகிற வீட்டில் பெயரை மாற்றுவார்கள், பிறந்த தேதியை மறப்பார்கள், கொண்டுபோன நகைக்குக் கணக்கு இருக்காது. ஆகவே பெயரை எண்ணிலேயே வைக்க வேண்டும். மூட்டையை ‘டார்’ என்கிற முறையில் கட்ட வேண்டும். லாரியில் ஏற்றும் சரக்கு ஒவ்வொன்றின் மேலும் சீட்டுக் குத்துவது போல, டார் மூட்டையில் ஒவ்வொரு ஃபைலோடும் அது எழுதப்பட்ட தேதி, மணி, எழுதியவர் பெயர், யார் திறக்கலாம் என்கிற அனுமதி எல்லாம் கூடவே போகும். எங்கே பிரித்தாலும் சீட்டு கிழியாது. தெரு முழுக்க இதைச் சொல்லித் திரிந்தார் ஏகநாதன். கேட்டவர்கள் பாதிப் பேர் அவர் லாரி வாங்கிவிட்டார் என்று நினைத்தார்கள்.

சீட்டு கிழியக் கூடாது என்று கேட்கிற ஆளும் கடைசியில் ஒருவர் வந்தார். வில்பிரட்.

வில்பிரட் வங்கியில் முப்பத்தாறு வருடம் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சிட்லபாக்கத்துக்காரர். தாம்பரத்தில் ஒரு பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். எந்தக் கல்லறை எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் பதினெட்டுப் பழைய பதிவேடுகளில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் ‘காப்பி எடுக்கிறேன்’ என்று ஒரு பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது ஒரு குடும்பத்தின் இடத்தில் இன்னொரு குடும்பத்தின் பெயர் உட்கார்ந்திருந்தது. அதன் பலன், ஒரே குழிக்கு இரண்டு சவப்பெட்டிகள் ஒரே நாளில் வாசலுக்கு வந்தன. உள்ளே இருந்தவர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள். வெளியே நின்றவர்கள்தான் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் வில்பிரட் போட்ட ஒப்பந்தத்தில் பதினாலு நிபந்தனைகள். பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அலுவலகம் திறந்திருக்கும் காலை பத்து முதல் ஒரு மணிக்குள், எழுத்தர் பியூலாவின் கண் முன்னால்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒன்பதாவது நிபந்தனை, ஒவ்வொரு பக்கத்தின் ஃபைலும் ஸ்கேன் செய்த தேதியையும் நேரத்தையும் மாறாமல் சுமந்து வர வேண்டும்.

“ஒம்பதாவதுதான் சார் நம்ம ஏரியாவே,” என்று ஏகநாதன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். “நம்ம மூட்டைல ஒரு நிமிசம் கூட கீழ சிந்தாது.”

நவம்பர் கடைசியில் ஆரம்பித்து ஜனவரி முதல் வாரம் வரை வேலை. கல்லறை அலுவலகத்தில் இன்டர்நெட் கிடையாது. அங்கே யாருக்கு அவசரம்? பியூலா முப்பத்தைந்து வயதுக்காரர். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. அலுவலகச் சாவி அவரிடம்தான். தினமும் கேட்டில் ஏகநாதன் அவருக்கு முன்னால் நிற்பார்.

“தங்கச்சி, மணி பத்து பத்து ஆவுது. பத்து மணி ஆபீஸு இது. உள்ள படுத்துகினு கீறவங்க பொறுமைசாலிங்க, அதான் கேக்கறதில்ல.”

“அண்ணா, என் போன்ல கரெக்டா பத்துதான் காட்டுது.”

“போனு ஆயிரம் சொல்லும். இந்த வாச்சு நாப்பது வருசமா என் கையில கீது.”

“வாட்சுக்கே ஓய்வூதியம் குடுக்கலாம். தள்ளுங்க, கதவைத் திறக்கணும்.”

இப்படியே முப்பது நாள் ஓடியது. மூவாயிரத்துச் சொச்சம் பக்கம். பூச்சி அரித்த மூலை, வெற்றிலைக் கறை, காலரா வருடத்தில் ஒரே கையெழுத்தில் நிறைந்து போன பக்கங்கள், எல்லாம் மெஷினுக்குள் போயின. கடைசி நாள் ஏகநாதன் டார் மூட்டையைக் கட்டி, பென் டிரைவில் போட்டு, வில்பிரட் கையில் கொடுத்தார்.

“எந்தக் கம்ப்யூட்டர்ல வேணா பிரிங்க சார். நான் இன்னா வெச்சனோ அப்டியே வரும். வரலேன்னா ஒத்த ரூபா தர வேணாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஏகநாதன் பணம் வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று லேப்டாப்போடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேசை மேல் வில்பிரட்டின் விண்டோஸ் லேப்டாப் திறந்திருந்தது. பியூலா சுவரோரம் நின்றார். அலுவலகச் சாவி கையில் இருந்தது.

“உட்காருங்க ஏகநாதன். முதல் பக்கத்தை எத்தனை மணிக்கு ஸ்கேன் பண்ணீங்க?”

“பத்துக்கு மேல சார். இந்தம்மா கதவைத் தொறந்த உடனே.”

“இங்க பாருங்க. மூணு நாற்பத்திரண்டு. மத்தியானம்.” வில்பிரட் திரையைத் திருப்பினார். “அடுத்த நாள், மூணு நாற்பத்தஞ்சு. அதுக்கடுத்த நாள், சாயங்காலம் ஆறரை வரைக்கும். மூவாயிரத்து நானூத்திச் சொச்சம் ஃபைல்ல ஒண்ணு கூட காலைல இல்ல. ஒரு மணிக்கு ஆபீஸ் பூட்டியாச்சு. அப்போ மூணே முக்காலுக்கு ரிஜிஸ்டர் யார் வீட்ல இருந்துச்சு?”

“சார், நான் சத்தியமா ஒரு மணிக்குப் பூட்டிட்டுத்தான்...” என்றார் பியூலா.

“சாவி உங்ககிட்டதானே இருக்கு பியூலா?”

பியூலா கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“இன்னொண்ணு,” என்றார் வில்பிரட். தணிக்கைக்காரர்களுக்கு எப்போதும் இன்னொன்று இருக்கும். “ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதினவர் பேர்னு ஒண்ணு வருது. யார் இந்த ஜெயக்கொடி?”

“என் சம்சாரம் சார்.”

“அவங்க எப்போ இதுக்குள்ள வந்தாங்க?”

“எதுக்குள்ள சார்? என் வாழ்க்கைக்குள்ளயா? நாப்பத்தோரு வருசம் ஆச்சு.”

“ஜோக் அடிக்காதீங்க. வெளியாள் ஒருத்தர் ரிஜிஸ்டரைத் தொட்டிருக்காங்க.”

ஏகநாதன் தன் லேப்டாப்பைத் திறந்து அதே ஃபைலைக் காட்டினார். பத்து பன்னிரண்டு, காலை. “பாருங்க சார், பளிச்சுனு கீது.”

வில்பிரட் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே ஃபைல். உங்க மெஷின்ல காலை, என் மெஷின்ல சாயங்காலம். ரெண்டு கணக்குப் புத்தகம் வெச்சிருக்கறவங்களை முப்பத்தாறு வருஷம் பார்த்தவன் நான். மாறாம வரும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ என்கிட்ட வந்ததுதானே நிஜம்?”

ஏகநாதன் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டை மாறாது என்றால் இவர் திருடன். மாறும் என்றால் இவர் பொய்யர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த மனிதன் தேர்ந்தெடுப்பான்?

பணம் நிறுத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை கமிட்டி கூடி முடிவெடுக்கும். அதுவரை பியூலா வேலைக்கு வர வேண்டாம். அவர் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, ஏகநாதன் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அண்ணா, பக்கத்துக்கு ஒம்பது ரூபா உங்களுக்கு. எனக்கு இதுல என்ன கிடைச்சுது?”

வீட்டில் ஜெயக்கொடி சும்மா இருப்பாரா?

“யோவ், மூட்டை மூட்டைனு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே, இப்போ இன்னா? உயிரோட கீற என் பேரை எதுக்குய்யா கல்லறைக்குள்ள வுட்ட?”

“அது லாகின் பேரு. ராசியா இருக்கட்டும்னு வெச்சேன்.”

“நல்ல ராசி. பாவம் அந்தப் பொண்ணு வேலையும் போச்சு. பக்கத்துக் கடை வெற்றிவேலு கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றான்ல, அவனைக் கேளேன்.”

“அவனையா? நான் போய்க் கேட்டா, ஏகநாதனே எங்கிட்ட வந்துட்டாருன்னு ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிகினு போவான்.”

“சொன்னா இன்னா, உன் கிரீடம் கயண்டுடுமா?”

கழன்றுவிடும்தான். ஏகநாதன் கேட்கவில்லை. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தன் மெஷினில் பத்து பன்னிரண்டு, அங்கே மூணு நாற்பத்திரண்டு. இங்கே பதினொன்று இருபது, அங்கே நாலு ஐம்பது. இங்கே பன்னிரண்டரை, அங்கே ஆறு. நாற்பது ஃபைல் எடுத்துப் பார்த்தார். நாற்பதிலும் ஐந்தரை மணி நேரம். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. திருடனாக இருந்தால் ஓர் இடத்திலாவது உளறியிருப்பான். ஆக, மூட்டை சிந்தவில்லை. முழுசாக ஐந்தரை மணி நேரத்தை யாரோ நடுவில் செருகியிருக்கிறார்கள். யார், எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை, ஆராதனை முடிந்து வில்பிரட் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிட்லபாக்கம் போனார். ஏரிக்குப் பக்கத்துத் தெரு. வில்பிரட் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியைக் காட்டாமல் நின்றார். ஏகநாதன் தானாகவே உட்கார்ந்தார்.

“மீட்டிங் சாயங்காலம்தான், ஏகநாதன்.”

“தெரியும் சார். தண்ணி குடுப்பீங்களா, இல்ல அதுக்கும் கமிட்டி கூடணுமா?”

வில்பிரட் உள்ளே போனார். ஏகநாதன் சுவரைப் பார்த்தார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் பதினொன்றரை. மற்றதில் ஆறு. கெட்டுப்போன பொருளைக் கண்டால் கை துறுதுறுக்கிற மனிதர். எழுந்து போய் இரண்டாவதைக் கழற்றிவிட்டார்.

“அதைத் தொடாதீங்க!” என்று தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்தார் வில்பிரட்.

“பேட்டரி போச்சு சார். ரெண்டு நிமிசத்துல சரி பண்ணித் தரேன், காசு வேணாம்.”

“கெடலை. அது லண்டன் டைம். என் பொண்ணு ஜோவிதா அங்கே இருக்கா. அவ தூங்கற நேரத்துல போன் பண்ணிடக் கூடாதுன்னு மாட்டி வெச்சது.”

ஏகநாதன் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஆறு. பதினொன்றரை. விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லாத மனிதர் அன்றைக்கு விரல் விட்டு எண்ணினார்.

“சார், லண்டன்ல ஆறுன்னா இங்க பதினொண்ணரையா? அஞ்சரை மணி நேரமா?”

“குளிர்காலத்துல அஞ்சரை. ஏன்?”

ஏகநாதன் லேப்டாப்பைத் திறந்து, கடிகார அமைப்பைத் தேடிப் பிடித்து வில்பிரட் பக்கம் திருப்பினார். ஊர் என்ற இடத்தில் லண்டன் என்று இருந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அவர் தட்டிக்கொண்டே போன கேள்விகளில் ஒன்று, ‘நீங்கள் எந்த ஊர்?’ என்பது. பதில் வராததால் கம்ப்யூட்டர் தானாகவே அவரை லண்டனில் குடிவைத்துவிட்டது. மணி மட்டும் இவர் கையால் வைத்தது. ஆகவே தாம்பரத்தில் காலை பத்து மணிக்கு எடுத்த பக்கத்தில், லண்டனில் காலை பத்து மணி என்று அது சீட்டுக் குத்தியது. மூட்டை அதை நேர்மையாகச் சுமந்துகொண்டு சிட்லபாக்கம் வந்தது. இங்கே பிரித்த கம்ப்யூட்டரும் நேர்மையாகக் கணக்குப் போட்டது. லண்டனில் பத்து என்றால் நம் ஊரில் மூன்றரை.

“இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கலை சார் நான். ஒரு வருசமா லண்டன்ல கீறேன் பாருங்க.”

வில்பிரட் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது ஒரு முன்னேற்றம்.

“கதை பொருந்துது. ஆனா கதை பொருந்தறது வேற, சாட்சி வேற. இந்த லண்டனை நேத்து ராத்திரி கூட நீங்க மாத்தியிருக்கலாம். எனக்கு உங்க மெஷின்ல இல்லாத சாட்சி வேணும்.” கொஞ்சம் யோசித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினார். “டிசம்பர் பதினொண்ணு. ஏசுதாசன் அடக்கத்துக்கு அவர் மகன் வந்தார். நீங்க அப்போ ஏழாம் ரிஜிஸ்டரை ஸ்கேன் பண்ணிட்டிருந்தீங்க. உங்ககிட்ட இருந்து நானே வாங்கி, குடும்பக் கல்லறையைச் சரிபார்த்தேன். அடிக்கட்டைல எழுதியிருக்கேன், பாருங்க. பதிவேடு எண் ஏழு, 11.05 முதல் 11.52 வரை செயலாளர் பார்வையில்.”

“ரசீது புக்கு மட்டும் வூட்டுக்கு வரலாமா சார்?”

“வருஷக் கணக்கு முடிக்கக் கொண்டு வந்தேன்,” என்று வில்பிரட் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். “விஷயத்துக்கு வாங்க.”

வில்பிரட் தன் லேப்டாப்பையும் எடுத்து வந்தார்; இருவரும் அன்றைய ஃபைல்களைப் பார்த்தார்கள். நிஜமாகவே நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. வில்பிரட் திரையில் நாலு நாற்பத்து நாலுக்கு ஒரு பக்கம். அதற்கடுத்த பக்கம் ஐந்து முப்பத்து மூன்றுக்கு. ஏகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“செத்துப் போன மனுசன் எனக்கு சாட்சி சொல்லிட்டாரு சார்!”

“இருங்க. நாலு நாற்பத்து நாலுல அஞ்சரை மணியைக் கழிச்சா பதினொண்ணு பதினாலு.” வில்பிரட்டின் பேனா அடிக்கட்டை மேல் தட்டியது. “பதினொண்ணு அஞ்சுக்கே ரிஜிஸ்டர் என் கைக்கு வந்தாச்சு. என் கையில இருந்த புத்தகத்தை நீங்க ஒம்பது நிமிஷம் எப்படி ஸ்கேன் பண்ணீங்க?”

ஏகநாதன் மறுபடி உட்கார்ந்தார். இடது கையை மேசைக்கடியில் இறக்கிக்கொண்டார்.

பதில் அவருக்குத் தெரியும். சொல்வதுதான் கஷ்டம். கடை திறந்த வருடம், பத்து நிமிடம் தாமதமாகப் போனதால் ஒரு பெரிய ஆர்டர் கையை விட்டுப் போனது. அன்றைக்கே வாட்சைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். கொஞ்ச நாளில் தள்ளி வைத்ததையே மறந்து, ஊர்தான் பின்னால் ஓடுகிறது என்று நம்ப ஆரம்பித்தார். அந்த வாட்சைக் காட்டித்தான் பால்காரர், கேஸ்காரர், எல்லாரையும் நாற்பது வருடம் திட்டினார். ஒரு முறை கல்யாண வீட்டில் முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மேடை ஏறியே சொல்லியிருக்கிறார். லேப்டாப்பில் மணி வைத்ததும் அந்த வாட்சைப் பார்த்துத்தான்.

முப்பதாயிரத்து எழுநூற்று எட்டு ரூபாய் ஒரு பக்கம். நாற்பது வருட வீம்பு ஒரு பக்கம். பணம் மட்டும் என்றால் வீம்புதான் ஜெயித்திருக்கும். சுவரோரம் நின்ற பியூலாவின் முகம் குறுக்கே வந்தது.

இடது கையை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். சுவரில் பதினொன்று ஐம்பது. வாட்சில் பன்னிரண்டு.

“பத்து நிமிசம் பாஸ்ட்டு சார். நாப்பது வருசமா. வெளிய சொல்லாதீங்க.”

வில்பிரட் வாட்சைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். பதினொன்று பதினாலில் பத்தைக் கழித்தார். பதினொன்று நாலு. மாலை ஐந்து முப்பத்து மூன்றில் ஐந்தரை மணி நேரத்தையும் அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துக் கழித்தார். பதினொன்று ஐம்பத்து மூன்று. அவர் பதிவேட்டை வாங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கடைசிப் பக்கம். திருப்பிக் கொடுத்து ஒரு நிமிடத்தில் அடுத்த பக்கம். இரண்டையும் அடிக்கோடிட்டார். அப்புறம் சும்மா இருந்தாரா? முப்பது நாளின் முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் எடுத்துக் கழித்துப் பார்த்தார். பத்துக்கு முன்னாலும் ஒன்றுக்குப் பின்னாலும் ஒரு பக்கம் கூட விழவில்லை. அது முடிகிற வரை ஏகநாதன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“கணக்கு நேராயிடுச்சு,” என்றார் வில்பிரட். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொன்னதில்லை போலிருந்தது. “சாயங்காலம் கமிட்டில நானே சொல்லிடறேன். பணம் மூட்டை வந்த அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன். இருங்க.”

அலமாரியிலிருந்து கவர் வந்தது. ஏகநாதன் கையை நீட்டவில்லை.

“மொதல்ல பியூலாம்மாவுக்கு ஒரு போன் போடுங்க சார்.”

“நாளைக்குச் சாவி கொடுக்கறப்போ சொல்றேனே.”

“நாளைக்கு வரைக்கும் அந்தப் பொண்ணு திருடியா இருக்கணுமா? ஒரு நிமிசம் கூட சிந்தக் கூடாதுன்னு எழுதி வாங்குன ஆளு நீங்க.”

வில்பிரட் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“பியூலா, வில்பிரட் பேசறேன். டைம் விஷயம் தெளிவாயிடுச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன...” ஏகநாதன் தொண்டையைக் கனைத்தார். “கம்ப்யூட்டர் மேல தப்பில்ல. உங்களை ஒரு வார்த்தை கேக்காம சாவியை வாங்கினது என் தப்பு. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. இந்த மூணு நாள் சம்பளமும் உண்டு.”

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

“சரிங்க சார்,” என்றார் பியூலா. “அப்போ என்னதான் சார் ஆச்சு?”

“ஏகநாதன் கம்ப்யூட்டர் லண்டன் டைம்ல இருந்திருக்கு. அது அஞ்சரை மணி நேரம். அப்புறம் அவர் வாட்ச் ஒரு பத்து நிமிஷம்...”

“சார், சொல்ல வேணாம்னு சொன்னேனே!”

“அண்ணா! அங்கதான் இருக்கீங்களா? பத்து நிமிஷமா? முப்பது நாள் கேட்ல நிக்க வெச்சு லேட்டு லேட்டுனு என்னைத் திட்டினீங்களே!”

“சீக்கிரம் வந்தது என் குத்தமா தங்கச்சி?”

“நாளைக்கு நான் பத்து இருபதுக்குத்தான் வரப்போறேன். உங்க வாட்ச்ல பத்தரை. போய் யார்கிட்ட வேணா சொல்லுங்க.” போன் வைக்கப்பட்டது.

வில்பிரட் இப்போதுதான் சிரித்தார். உடனே அதைத் துடைத்துக்கொண்டு, கவரைப் பிரித்தார். நோட்டுக்கட்டை மேசை மேல் வைக்கப் போனார்.

“மேசை மேல வேணாம் சார்,” என்றார் ஏகநாதன். “மேசை மேலதான் அந்தப் பொண்ணு சாவியை வெச்சுது. கையில எண்ணுங்க.”

அவர் வலது கையை விரித்து நீட்டினார். ஜெராக்ஸ் டோனர் மையின் கறுப்பு ரேகைகளில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட கை. வில்பிரட் எழுந்து நின்று எண்ணினார். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றாக, வாய்விட்டு, அறுபத்தொன்று வரை. நடுவில் நாற்பத்திரண்டில் ஒரு சந்தேகம் வந்து, திரும்ப வாங்கி முதலிலிருந்து எண்ணினார். ஏகநாதன் கையை மடக்கவில்லை. அப்புறம் இரண்டு நூறு ரூபாய் நோட்டு. அப்புறம் கவரைக் கவிழ்த்துத் தட்டினார். ஓர் ஐந்து ரூபாய் வில்லை, ஓர் இரண்டு ரூபாய் வில்லை. மிச்சம் ஒன்றைக் காணவில்லை. வில்பிரட் சட்டைப் பையைத் தடவி, உள்ளே போய், ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டையிலிருந்து ஒரு ரூபாயைத் தேடி எடுத்து வந்து, நோட்டுகளின் மேல் வைத்தார்.

“எட்டு,” என்றார்.